பத்து நாள் படிப்பு: தென்வியட்நாம் படைவீரர்களின் போர் நினைவும் சிறை நினைவும்

1975 ஏப்ரல் 30 அன்று தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வடவியட்நாமின் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நகரின் புதிய ராணுவ நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தோற்றுப்போன தென்வியட்நாம் படையின் அதிகாரிகள் குறித்த நாளில், குறித்த பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர வேண்டும். இரண்டாம் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை உள்ளவர்கள் பத்து நாளைக்கும், மேஜரும் அவருக்கு மேற்பட்டவர்களும் முப்பது நாளைக்கும் போதுமான உணவையோ அதற்கான பணத்தையோ கொண்டுவர வேண்டும். மாற்றுத்துணி, கொசுவலை, தாள், பேனா ஆகியவையும் வேண்டும். வரச்சொன்னது படிப்புக்காக என்பதால் அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு போனார்கள். மனைவிமார் பள்ளிக்கூட வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். இரவில் மூடிய லாரிகள் வந்து அவர்களைச் சிறை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றன. அப்படிப் போனவர்களில் பலர் மூன்று ஆண்டு கழித்தும், பலர் ஆறேழு ஆண்டு கழித்தும் திரும்பினார்கள். கடைசியாகச் சிலர் வெளியே வந்தபோது பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த அறிவிப்பை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். படிப்பு பத்து நாளில் முடியும் என்று அதில் எங்கும் இல்லை. பத்து நாளைக்குச் சாப்பாடு கொண்டுவரும்படி மட்டுமே சொல்லியிருந்தது. இடைவெளியை நிரப்பிக்கொண்டவர்கள் படித்தவர்கள்தாம். அப்படி நிரப்பிக்கொள்ளக் காரணமும் இருந்தது: சாதாரணச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலை வீரர்களுக்கும் சொன்னபடியே அவரவர் பகுதியில் மூன்று நாள் வகுப்பு நடந்தது, அவர்கள் வீடு திரும்பியதை அதிகாரிகள் தங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். பிற்காலத்தில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளில், இவர்களில் பலரால் கடைசிவரை ஆறமுடியாத காயமாகத் தெரிவது அடியும் பட்டினியும் அல்ல, தாமே நடந்துபோய் நுழைந்தோம் என்பதுதான்.

இந்த முன்னாள் வீரர்களின் நினைவுகளை வாசிக்கும் எவருக்கும் கண்ணில் படும் ஒரு வேறுபாடு உண்டு. போரைப் பற்றிப் பேசும்போது அவர்களிடம் எல்லாம் துல்லியமாக இருக்கிறது: தேதி, நேரம், சாலையின் எண், குன்றின் உயரம், பக்கத்தில் நின்ற படைப்பிரிவின் பெயர். முகாமுக்கு வந்ததும் தேதிகள் கரைந்துபோகின்றன. ‘மூங்கில் வெட்டிய குளிர்காலம்’, ‘மரவள்ளி மட்டும் தின்ற வருஷம்’, ‘மனைவி முதல்முறை வந்தபோது’ என்று காலம் வேறு அளவுகளுக்கு மாறிவிடுகிறது. வயதானதால் வந்த மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டையும் அனுபவித்தவர் ஒரே மனிதர். போர் முந்தியது, முகாம் பிந்தியது. முந்தியது தெளிவாகவும் பிந்தியது மங்கலாகவும் இருப்பதற்கான காரணம், அந்த முகாம்கள் இயங்கிய விதத்திலேயே இருக்கிறது.

முதலில் போர். 1954 ஜெனீவா உடன்படிக்கை வியட்நாமை 17ஆம் அட்சக்கோட்டில் பிரித்த பிறகு, தெற்கில் அமெரிக்க ஆதரவோடு உருவான குடியரசின் படை, 1970களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் படைகளையும் சேர்த்துப் பத்து லட்சத்தை எட்டியிருந்தது. இப்போரில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்ததை உலகம் அறியும். தென்வியட்நாம் படையில் இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். வடக்கின் படையிலும் தெற்கின் கெரில்லாப் படையிலும் சேர்த்து ஏறத்தாழ 11 லட்சம் பேர் மாண்டதாக வியட்நாம் அரசே 1995இல் அறிவித்தது. இத்தனை பெரிய சாவில், தென்வியட்நாம் சிப்பாயின் முகம் ஏறக்குறைய எவருடைய கதையிலும் இல்லை. அமெரிக்கர் சொல்லும் கதையில் அவன் சண்டையிடத் தெரியாதவன். வென்றவர்கள் சொல்லும் கதையில் அவன் ‘ங்குய்’, அதாவது போலி, கைப்பாவை. அதனால்தான் அவன் தன் போரைச் சொல்லும்போது சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் போல ஒவ்வொரு விவரத்தையும் எண்ணி எண்ணிச் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் அடிக்கடி திரும்பிச் செல்லும் ஆண்டு 1972. அந்த ஆண்டு மார்ச் 30 அன்று வடவியட்நாம் படை டாங்கிகளோடும் கனரகப் பீரங்கிகளோடும் மூன்று முனைகளில் இறங்கியது. அமெரிக்கத் தரைப்படை பெரும்பாலும் வெளியேறியிருந்த நேரம் அது. வானில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தாலும் மண்ணில் நின்றவர்கள் வியட்நாமியர்களே. சைகோனுக்கு வடக்கே ஆன் லோக் என்ற சிறு நகரம் பல வாரங்கள் முற்றுகையில் கிடந்து தப்பியது. வடகோடியில் குவாங் ட்ரி நகரம் மே மாதத் தொடக்கத்தில் விழுந்தது. அங்கிருந்து ஹுவே நோக்கி 1ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடிய மக்கள்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்து, அந்தச் சாலைப்பகுதிக்கே ‘பயங்கர நெடுஞ்சாலை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. செப்டம்பர் 16 அன்று தென்வியட்நாம் மரைன் படைவீரர்கள் குவாங் ட்ரி கோட்டையை மீட்டபோது அங்கே மீட்பதற்குச் செங்கல் குவியலைத் தவிர எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

ஆனால் போர் நினைவின் உச்சம் என்று கருதத்தக்கது சுவான் லோக். சைகோனுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், தலைநகருக்குள் நுழையும் சாலையைக் காத்து நின்ற நகரம் அது. 1975 மார்ச் மாதத்தில் மத்திய உயர்நிலப் பகுதியிலிருந்து பின்வாங்கும்படி அதிபர் தியூ இட்ட அவசர ஆணையால், 7பி என்ற பழுதடைந்த மலைச்சாலையில் படையும் மக்களும் கலந்து சிதைந்தார்கள். மார்ச் 29இல் தா நாங் விழுந்தது. ஒரு படைப்பிரிவுக்குப் பின் ஒன்றாகச் சண்டையின்றிக் கரைந்துகொண்டிருந்த அந்த நாள்களில், ஏப்ரல் 9 அதிகாலையில், பிரிகேடியர் ஜெனரல் லே மின் டாவ் தலைமையிலான 18ஆம் டிவிஷன்மீது ஆயிரக்கணக்கான குண்டுகள் பொழியத் தொடங்கின. எதிரே வடவியட்நாமின் நான்காம் படையணியைச் சேர்ந்த டிவிஷன்கள் நின்றன. இந்த 18ஆம் டிவிஷனுக்கு முன்பு பெரிய பெயர் இல்லை. தொடக்கத்தில் அதன் எண் 10. போர்க்காலப் பேச்சுவழக்கில் ‘பத்தாம் நம்பர்’ என்றால் படுமோசம் என்று பொருள், அதனாலேயே எண்ணை 18 ஆக மாற்றினார்கள். அப்படிப்பட்ட டிவிஷன் பன்னிரண்டு நாள் நகர்ந்து கொடுக்கவில்லை. எதிரி நகரைச் சுற்றிக்கொண்டு மேற்கே தாவ் கியாய் சந்திப்பைப் பிடித்ததும் அங்கே தொடர்ந்து நிற்பதில் பயனில்லாமல் போயிற்று. ஏப்ரல் 20 இரவு எஞ்சியவர்கள் ஒழுங்கு குலையாமல் தெற்கே இறங்கினார்கள். மறுநாள் தியூ பதவி விலகினார்.

ஒன்பது நாள் கழித்து சரணாகதி அறிவிப்பு வானொலியில் வந்தது. சுடுவதை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அந்தச் சில வாக்கியங்களை எங்கே நின்று கேட்டோம் என்பது ஏறக்குறைய ஒவ்வொரு வீரரின் நினைவிலும் இருக்கிறது: சாலையோரம் கழற்றிப் போட்ட பூட்ஸுகளின் குவியல், உள்ளாடையோடு வீடு நோக்கி நடந்த சிப்பாய்கள், அடையாள அட்டையை எரித்த அடுப்பு. ஐந்து ஜெனரல்கள் அந்த நாள்களில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்கள். 1972இல் ஆன் லோக்கைக் காத்து நின்ற லே வான் ஹுங் அவர்களில் ஒருவர். லே மின் டாவ் மே மாதத்தில் சரணடைந்தார். அவருடைய அடுத்த பதினேழு ஆண்டுகள் அங்கே தொடங்குகின்றன.

‘ஹோக் தாப் காய் தாவ்’ என்று அந்த முகாம் ஏற்பாட்டுக்குப் பெயர். முதல் பாதி படிப்பு, பயிற்சி. இரண்டாம் பாதி சீர்திருத்துவது, மாற்றியமைப்பது. இதன் சட்ட அடிப்படை போருக்குப் பின் வந்ததல்ல. 1961இல் வடவியட்நாம் தேசியப் பேரவையின் நிலைக்குழு நிறைவேற்றிய 49ஆம் எண் தீர்மானம், புரட்சிக்கு எதிரானவர்கள் எனக் கருதப்பட்டவர்களைக் குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி மூன்றாண்டு முகாமில் வைக்க வழி செய்திருந்தது. அந்தக் காலம் முடிந்தும் திருந்தவில்லை என்று கண்டால் நீட்டிக்கவும் இடம் கொடுத்திருந்தது. 1976இல் புதிய ஆட்சி இந்த மூன்றாண்டுக் கணக்கைத் தெற்கத்தியவர்களுக்கும் அறிவித்தது. கைதிகள் விரல்விட்டு எண்ணினார்கள். 1978 வந்தது, போனது. நீதிமன்றம் இருந்திருந்தால் தண்டனை என்று ஒன்று இருந்திருக்கும். பத்தாண்டு என்றால் பத்தாண்டு, ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டே வரலாம். இங்கே கழிப்பதற்கு எண்ணே இல்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்டால், அது உன் முன்னேற்றத்தைப் பொறுத்தது என்ற பதில் மட்டுமே கிடைத்தது. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. நீண்டகாலம் அடைபட்டவர்கள் இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம்வரை என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது.

அறிவிப்பு தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னது வீணாகச் சொன்னதல்ல. உண்மையிலேயே எழுதவேண்டியிருந்தது. அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் குற்றங்கள், வியட்நாமிய மக்களின் வீரம், உழைப்பின் மேன்மை என வரிசையாகப் பாடங்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் பிறகு குழுவாக உட்கார்ந்து விவாதம். அவற்றோடு ‘பான் து காய்’ என்னும் சுய அறிக்கை. பிறந்தது முதல் சரணடைந்தது வரை தன் வாழ்க்கையையும், தந்தை, பாட்டன், மனைவி, மைத்துனன் ஆகியோர் என்ன செய்தார்கள், என்ன சொத்து வைத்திருந்தார்கள் என்பதையும், தான் இருந்த ஒவ்வொரு போர்க்களத்தையும், கொடுத்த ஒவ்வொரு ஆணையையும் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தால் போதாது என்பார்கள். மறுபடி எழுது. சில மாதம் கழித்து வேறு முகாமுக்கு மாற்றினால் அங்கே முதலிலிருந்து எழுது. முன்பு எழுதியதோடு புதியதை வைத்துப் பார்ப்பார்கள்; ஒரு தேதி பிசகினாலும், ஒரு பெயர் விடுபட்டாலும் நேர்மையற்றவன் என்ற பெயர் வரும். குறைவாக எழுதினால் மறைக்கிறான், அதிகமாக எழுதினால் குற்றம் கூடுகிறது. உள்ளே வந்தவர்கள் விரைவில் ஒரு பாடம் கற்றார்கள்: முதல்முறை எழுதியதை மனப்பாடம் செய்துகொள்.

போர் நினைவு அத்தனை துல்லியமாகவும் முகாம் நினைவு மங்கலாகவும் இருப்பதற்கான விடை இந்த இடத்தில்தான் கிடைக்கிறது என்பது என் வாசிப்பு. போரை அவர்கள் ஒருமுறை வாழ்ந்தார்கள், பிறகு சிறைக்காவலருக்காக இருபது முறை எழுதினார்கள். தேதியும் இடமும் பெயரும் அந்த எழுத்தில் உறைந்துபோயின. முகாம் வாழ்க்கையை எழுதச் சொன்னவர் யாரும் இல்லை. எழுத நினைத்தாலும் தாள் பிடிபட்டால் தண்டனை. சிலர் பாட்டாகக் கட்டினார்கள், சிலர் கவிதையாக மனத்துக்குள் சேர்த்துவைத்தார்கள். அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் இவர்கள் பின்னாளில் ‘ஹோய் கீ’ எனப்படும் நினைவுக்குறிப்புகளை எழுதிக் குவித்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். பிறர் கட்டளைக்காகத் தன் வாழ்க்கையைத் திரும்பத் திரும்பத் திரித்து எழுதிய கை, ஒருமுறையாவது தன் விருப்பப்படி எழுதிவிடத் துடித்திருக்கிறது.

1976இல் நடுநிலை, உயர்நிலை அதிகாரிகளில் பெரும்பகுதியினரை வடக்கே கொண்டுபோனார்கள். சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டு ஹாய் போங் துறைமுகம் சென்றவர்கள் உண்டு. அங்கிருந்து ரயிலில் யென் பாய், ஹோவாங் லியென் சோன் மலைப்பகுதிகளுக்கு. வழியில் சில இடங்களில் ஊர்மக்கள் கல்லெறிந்ததைப் பலர் நினைவுகூர்கிறார்கள். சில ஆண்டுக்குள் அதே பகுதி மக்கள் காவலருக்குத் தெரியாமல் மரவள்ளிக் கிழங்கும் புகையிலையும் தந்ததையும் அவர்களே சொல்கிறார்கள். தெற்கின் வெக்கையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மலைக்குளிர் புதிது. காட்டில் மூங்கில் வெட்டித் தங்களை அடைக்கும் கொட்டகைகளைத் தாங்களே கட்டினார்கள். சோறு அரிதானது. மரவள்ளி, உப்புநீர், பிறகு ‘போபோ’ என்று அவர்கள் அழைத்த தோல் நீக்காத சோளம். இரவு முழுக்க ஊறவைத்தாலும் வேகாத அந்தச் சோளத்தை மெல்ல முடியாது; விழுங்கினால் வயிற்றில் நிற்காமல் அப்படியே வெளியேறும். வயிற்றுக்கடுப்பிலும் மலேரியாவிலும் இறந்தவர்களை அங்கேயே மலைச்சரிவில் புதைத்து, பெயரெழுதிய ஒரு கல்லையோ பலகையையோ நட்டார்கள். தெற்கிலிருந்த முகாம்களில் தண்டனைக்கு அமெரிக்கப் படை விட்டுச்சென்ற இரும்புச் சரக்குப் பெட்டிகள் பயன்பட்டன. நடுப்பகல் வெயிலில் அதற்குள் ஒருவரை அடைத்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. 1979இல் சீனா எல்லையைத் தாண்டிப் படையெடுத்ததை ஒட்டிய காலத்தில், எல்லையோர முகாம்களில் இருந்தவர்களைத் தெற்கே தள்ளி, ராணுவத்திடமிருந்து உள்துறையின் சிறைகளுக்கு மாற்றினார்கள். கட்டுப்பாடு அங்கே மேலும் இறுகியது.

இந்த நினைவுகளில் ஆண்கள் முன்னால் நிற்கிறார்கள். ஆனால் அவர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வியட்நாமிய மொழியில் அதற்கு ‘தாம் நுவோய்’ என்று ஒரு சொல் உண்டு: முதற்சொல்லுக்குப் போய்ப் பார்ப்பது என்றும், இரண்டாவதற்கு ஊட்டி வளர்ப்பது என்றும் பொருள். சிறைச் சந்திப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. சைகோனிலிருந்து ஹனோய்க்கு ரயில்பாதை 1,700 கிலோமீட்டருக்கு மேல். முதலில் உள்ளூர்க் காவலரிடம் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். பிறகு நாள்கணக்கில் ரயில், அதன்பின் லாரி, அதன்பின் மாட்டுவண்டியோ நடையோ. வீட்டில் இருந்ததை விற்று, மாதக்கணக்கில் கெடாத பண்டங்களைச் சேர்த்திருப்பார்கள்: எள்ளும் உப்பும் பொடித்தது, எலுமிச்சைப்புல் சேர்த்து வதக்கிய இறால் கருவாட்டு விழுது, உலர்த்திய சோறு, வெல்லம், பஞ்சுபோல் பிய்த்து வறுத்த பன்றியிறைச்சி, மலேரியா மாத்திரை. ஒரு மேசையின் இருபுறமும் உட்காரவைத்து, இடையில் காவலர் நிற்க, பதினைந்து நிமிடமோ அரைமணி நேரமோ பேசவிடுவார்கள். அழக்கூடாது, வெளியே நிலைமை எப்படி என்று சொல்லக்கூடாது. இதற்கிடையே குடும்பங்களைப் ‘புதிய பொருளாதார வட்டங்கள்’ என்ற காட்டு நிலங்களுக்குப் போகும்படி நெருக்கினார்கள். ‘லீ லிச்’ எனப்படும் குடும்பப் பின்னணிக் குறிப்பில் தந்தையின் பதவி பதிந்திருந்ததால், பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. அப்பா எங்கே என்று கேட்ட குழந்தைக்கு, படிக்கப் போயிருக்கிறார் என்றே பதில் சொன்னார்கள்.

இவ்வளவையும் சொல்லும்போது இந்த நினைவுகள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். முகாமை நடத்திய பல நிர்வாகிகளுக்கும் சிறை நினைவு இருந்தது. கோன் சோன் தீவில் தென்வியட்நாம் அரசு வைத்திருந்த ‘புலிக்கூண்டு’களில், தலைக்குமேல் இரும்புக்கம்பியும் அதன்மேல் காவலர் நடைபாதையுமாக, கைதிகள் கால் முடங்கும்வரை கிடந்ததை 1970இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நேரில் கண்டு வெளியிட்டார்கள். விசாரணையற்ற சிறை வியட்நாமுக்கு 1975இல் வந்த புதுமையல்ல. பிரெஞ்சுக்காரர் கட்டியதைத் தெற்கும் வடக்கும் தத்தமக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டன. தோற்றவர்களின் நினைவுக்குறிப்புகளில் தம் தரப்பின் இந்தப் பக்கம் மிக அரிதாகவே வருகிறது; வந்தாலும் அது வேறு துறையின் வேலை என்று கடந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தைச் சுட்டுவதால் அவர்கள் பட்ட துன்பம் குறைந்துவிடாது. போரின் முடிவில் ரத்த ஆறு ஓடவில்லை, மாறாக மன்னித்துக் கல்வி கொடுத்தோம் என்பது வென்ற அரசின் வாதம். பெரும் படுகொலை நடக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் தொகுதி தொகுதியாக மனிதர்களைக் காலவரையின்றி அடைத்துவைத்ததை மன்னிப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நினைவைக் காப்பதிலும் நாடு ஒரு தரப்போடு நின்றுவிட்டது. வடக்கின் மாண்ட வீரர்களுக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் தியாகிகள் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தெற்கின் பெரிய ராணுவக் கல்லறையான பியென் ஹோவாவில் ஏறத்தாழ 16 ஆயிரம் பேர் கிடக்கிறார்கள். அதன் வாயிலில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்த வீரனின் சிலையை 1975இல் இடித்துவிட்டார்கள். அந்தக் கல்லறை பல ஆண்டுகள் ராணுவ வளாகத்துக்குள் மூடிக்கிடந்து, 2006க்குப் பிறகே பொது நிர்வாகத்துக்கு வந்தது. கை கால் இழந்து ராணுவ மருத்துவமனைகளில் கிடந்தவர்கள் 1975இல் வெளியேற்றப்பட்டு, லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தார்கள். முகாமுக்குப் போகாததால் அமெரிக்காவுக்குச் செல்லும் தகுதியும் அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அந்தத் தகுதியின் அளவுகோல் சிறையில் கழித்த காலம். வர்ஜீனியாவில் வாழ்ந்த குக் மின் தோ என்ற பெண்மணி, கணவர் முகாமில் இருந்த நிலையில், தன்னைப் போன்ற மனைவிமாரைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் ஆண்டுக்கணக்கில் அமெரிக்க அரசின் கதவைத் தட்டியது. 1989 ஜூலை 30 அன்று இரு நாடுகளும் உடன்பட்டன: மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் முகாமில் இருந்தவர்கள் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறலாம். 1990 ஜனவரியில் முதல் விமானங்கள் கிளம்பின. ‘எச்.ஓ.’ என்று வியட்நாமியர் அழைக்கும் இத்திட்டத்தில் குடும்பத்தினரையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றார்கள். 1992இல் ஹாம் தான் முகாமிலிருந்து கடைசி நான்கு ஜெனரல்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரான லே மின் டாவ் அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று, 2020இல் அங்கேயே காலமானார்.

விண்ணப்பத்தோடு கட்டாயம் வைக்கவேண்டிய சான்று, முகாமிலிருந்து வெளியேறும்போது தரப்பட்ட விடுதலைச் சீட்டு. மட்டமான, எளிதில் கிழியும் தாள். விடுதலையான பிறகும் ஓராண்டோ அதற்கு மேலோ காவல்துறைக் கண்காணிப்பில் இருந்தவர்கள், எங்கே போனாலும் காட்டவேண்டியிருந்த அவமானச் சின்னம் அது. 1989க்குப் பிறகு அதையே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தினார்கள். மூன்றாண்டு என்பதை நிரூபிக்க வேறு எழுத்து எதுவும் இல்லை. அத்தனை வருடங்களில் அவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் முகாமின் கோப்புகளிலேயே தங்கிவிட்டன. அந்தச் சீட்டில் பிறந்த தேதி, பிடித்த தேதி என்ற வரிசையில் குற்றம் என்று ஒரு கட்டம், தண்டனை என்று ஒரு கட்டம். பலருடைய சீட்டில் குற்றம் என்ற கட்டத்தில் கேப்டன் என்றோ மேஜர் என்றோ அவரது பதவிதான் எழுதப்பட்டிருக்கிறது. தண்டனை என்ற கட்டத்தில் ஆண்டுக்கணக்கு இல்லை. முகாமில் வைத்துச் சீர்திருத்தல் என்பதன் முதலெழுத்துகள் மட்டும் இருக்கின்றன.